மிஸ்டர் பிரதாபன் என்றால் மகேசன் எழும்புவார்

மகேசன் கோர்ட்டுக்குப் போய், உயிரோடு இருக்கிற பிரதாபனைச் செத்தவராகக் காட்டி, அவருடைய மகளைத் தன் பேருக்கு மாற்றப்போகிறாராம். ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் தமிழ் மளிகைக்கடையில், முருங்கைக்காய் பொறுக்குகிற இடத்தில் பிறந்த கதை இது. கொத்தமல்லிக் கட்டுக்கு வருவதற்குள் அதற்குக் கள்ளக் கையெழுத்தும் முளைத்துவிட்டது.

விசாரித்ததில், பிரதாபன் நல்ல சுகம். வழக்கு நாளன்று மனுகாவ் நீதிமன்ற வாசலில், சோதனை வரிசையில், மகேசனுக்கு முன்னால் நின்று பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். பேர் மாற்றுகிற வழக்கு மட்டும் உண்மை.

மகேசன் விரிப் பகுதியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கூரை உயரத்துக்குப் பெட்டி ஏற்றும்போது நடுங்காத மனிதர், அந்த மகள் கஜானியின் பள்ளிக்கூட அலுவலகத்தில் மட்டும் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார். கஜானியின் தாய் வசந்தமலரை அவர் கட்டும்போது கஜானி நேர்சரி. பல் டாக்டர், நீச்சல், காய்ச்சல், எல்லாவற்றுக்கும் ஓடியது அவர்தான். ஆனால் பிள்ளையின் பேருக்குப் பின்னால் நின்றது பெற்ற தகப்பனின் பேர். ஆகவே போன இடமெல்லாம், "குட் மோர்னிங், மிஸ்டர் பிரதாபன்!" மனைவியின் பழைய புருஷனுடைய பேருக்குப் பல்லைக் காட்டியே மகேசனுக்கு மயிர் நரைத்துக்கொண்டிருந்தது.

கஜானி மகேசன். அவர் கேட்டது அவ்வளவுதான். பிரதாபன் மாட்டேன் என்றார். வசந்தமலர் மனுப் போட்டார். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க வந்த வழக்கறிஞரிடம் கஜானி, போனிலிருந்து தலை தூக்காமல், "ஐ டோன்ட் மைன்ட்" என்றாள்.

உள்ளே கூப்பிடும்வரை மகேசனுக்கும் வசந்தமலருக்கும் வெளியே காத்திருப்பு. மகேசன் காலை ஆட்ட ஆட்ட, இருந்த வாங்குப் பலகை கிரீச்சிட்டது. பிரதாபன் மூன்று கோப்பியோடு வந்தார்.

"ஐசே, வாங்கு உடையப்போகுது. இந்தாரும், குடியும்."

"எவ்வளவு காசு?"

"பிறகு பாப்பம். மனுவில கிடக்கிற பேருக்கு நான் சைன் வைக்கிறன், தெரியுமே? கஜானி சோதிலிங்கம். நல்ல பேர்தான்."

மகேசனுக்குக் கோப்பி புரைக்கேறியது. சோதிலிங்கம் அவருடைய அப்பா. வசந்தமலரின் வெள்ளைக்கார வழக்கறிஞர் மகேசனின் லைசென்ஸைப் பார்த்து, கடைசியில் நின்ற பேரைக் குடும்பப் பேராக்கி மனுவில் எழுதிவிட்டார்.

"சோதிலிங்கத்தின்ர மகளெண்டால் உமக்கு என்ன முறை ஐசே? தங்கச்சியெல்லே!" பிரதாபன் தொடையில் தட்டிச் சிரித்தார். "மகேசன் எண்டு மாத்தினால் நான் சைன் வைக்கமாட்டன்."

இந்த வழக்கில் உண்மையாகவே செத்துப்போனவர் சோதிலிங்கம் ஒருவர்தான். பாவம், அவருக்கு இத்தனை வருஷம் கழித்து ஆக்லாந்தில் ஒரு பெண்பிள்ளை!

"மனுவை நீங்கள் வாசிக்கேல்லையே?" என்றார் மகேசன்.

"இஞ்சேருங்கோ, நீங்களும்தானே பக்கத்தில இருந்தனீங்கள்!" என்றார் வசந்தமலர்.

பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார வழக்கறிஞருக்கோ எதுவும் விளங்கவில்லை. இருவருக்கும் ஒரே கடைசிப் பேர், இதைத்தானே கேட்டீர்கள் என்றார். அவர் சொன்னதும் சரி. பள்ளிக்கூடத்தில் இனி மகேசன் சுத்தமான தகப்பன். மளிகைக்கடையில் தமையன்.

மகேசன் எழும்பினார், இருந்தார், எழும்பினார். தண்ணீர்க் குழாய்வரை போய்க் குடிக்காமல் திரும்பினார்.

"வேண்டாம். பிரதாபன் எண்டே இருக்கட்டும்."

"விசரே உங்களுக்கு? இவ்வளவு அலைஞ்சிட்டு!"

"வெள்ளைக்காரன் ஆரின்ர பேரால கூப்பிட்டாலும் தகப்பனெண்டுதானே கூப்பிடுறான். நான் ஏன் தமையனாப் போகோணும்?"

மனு திரும்பப் பெறப்பட்டது. வென்ற பிரதாபன் சிரிக்கவில்லை. கோப்பி மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

கடையில் இப்போது புதுக் கதை: பிரதாபன் ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்து மகேசனை மடக்கிவிட்டாராம். அந்தக் காசைக் கொடுத்துவிட்டால் கதை அடங்கும் என்று மகேசன் நம்புகிறார். கஜானியைக் கூட்டிப்போகப் பிரதாபன் வரும் சனிக்கிழமைகளில், சில்லறையை எண்ணி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறார்.

"பிறகு பாப்பம், ஐசே," என்று கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பிரதாபன் போய்விடுகிறார்.