வெட்டிவிட்ட ஏழு குடங்கள்

போன வருஷம் சித்திரை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், திருத்தணியில் எங்கள் தெரு முனையில் தொடங்கியது இது. தொடங்கியது என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எதுவுமே நடக்கவில்லை. ஒரு குழாயைப் படம் எடுத்தேன். படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினேன். வெட்டியது என்ன என்று தெரிந்துகொள்ள மூன்று வாரம் ஆயிற்று.

முதலில் அந்தச் செயலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் உள்ள குறைகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதிப் போட ஓர் இணையச் செயலி வந்திருந்தது. என்ன குறை, எந்த இடம், ஒரு படம், இரண்டு வரி. அவ்வளவு போதும். நான் தினமும் விடியற்காலை மின்சார ரயிலில் சென்னைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவன். ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு அலுவலக வாசலில் நிற்க எனக்கு நேரம் இருந்ததில்லை. அரக்கோணம் தாண்டுவதற்குள் ஒரு புகாரை எழுதி முடித்துவிடலாம் என்றானபோது, கைக்குள் ஒரு ஊர் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

முதல் புகார் தெருவிளக்கு. நாலாம் நாள் எரிந்தது. அடுத்தது, பள்ளிக்கூடச் சுவரோரம் மலையாகிக் கிடந்த குப்பை. அதுவும் போயிற்று. ஆடு விழுந்து கால் ஒடித்துக்கொண்ட சாக்கடைக்கு மூடி வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை அடையாளமும் 'முடிக்கப்பட்டது' என்ற சொல்லும் வரும். அந்தச் சொல்லுக்கு நான் பழகிப்போனேன். ரயில் ஜன்னல் வழியே வெளியே பார்க்கிறவன், திருத்தணியில் இறங்கி நடக்கும்போது குறை தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். தெருவுக்கான வாட்ஸ்அப் குழுவில், போனில் எழுதினால் வேலை நடத்திவிடுகிற ஆள் என்று என் பெயர் நிலைத்துவிட்டது. எனக்கும் அது பிடித்திருந்தது.

அந்த ஞாயிறு மதியம் தயிர் வாங்கப் போனபோது குழாயைப் பார்த்தேன். திருகு காணாமல் போன தெருக்குழாய். வாயில் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். அதையும் மீறிச் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே பாசி, பாசியில் வயிற்றை ஒட்டிக்கொண்டு ஒரு நாய். எதிரே ஆந்திராவிலிருந்து வந்த பஸ் ஒன்று, மொட்டைத் தலையில் சந்தனம் பூசியவர்களை ஏற்றிக்கொண்டிருந்தது. ஊரே வாடிக்கிடக்கிற வெயிலில் இந்தச் சொட்டு எனக்குப் பொறுக்கவில்லை.

படம் எடுத்தேன். குறை மட்டும் தெளிவாகத் தெரியும்படி படம் இருக்க வேண்டும் என்று செயலியில் ஒரு குறிப்பு உண்டு. ஓரத்தில் கிடந்ததையெல்லாம் வெட்டிவிட்டுக் குழாயையும் சொட்டையும் மட்டும் வைத்தேன். 'யாரும் பயன்படுத்தாத உடைந்த குழாயில் குடிநீர் வீணாகிறது, அகற்றவும்' என்று எழுதினேன். யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. வீட்டில் போர்வெல் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது. தண்ணீர் விடும் நாட்களில் காலை ஆறு மணிக்கு நான் ரயிலில் இருப்பேன்.

புதன்கிழமை பதில் வந்துவிட்டது. குழாயை எடுத்துவிட்டு, குழாய் நின்ற இடத்தில் ஒரு மூடியை இறுக்கியிருந்தார்கள். முன்பு ஒரு படம், பின்பு ஒரு படம். பாசிகூடக் காயத் தொடங்கியிருந்தது. குழுவில் போட்டேன். பதினோரு கட்டைவிரல்கள் எனக்கு உயர்ந்தன. எல்லாமே மாடி வீட்டுக் கட்டைவிரல்கள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

படம் எடுத்ததிலிருந்து இரண்டாவது ஞாயிறு வந்தது. அன்று சாயங்காலம் ஓர் அம்மாள் எங்கள் வீட்டு கேட் அருகே வந்து நின்றார். நாற்பதுக்குள்தான் இருக்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஒரே வரிசையில் ஏழு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்களே, அதில் ஓர் அறையில் இருக்கிறவர். பள்ளிப்பட்டுப் பக்கம் சொந்த ஊர். மலையடிவாரத்தில் மொட்டையடிக்கிற கூடத்தில் முடி கூட்டி அள்ளுகிற வேலை. பேசும்போதுகூடப் புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார்.

விஷயத்தை நிதானமாகச் சொன்னார். அவர்கள் ஏழு வீட்டுக்கும் இருக்கிற போர் தண்ணீர் உப்பு, வாயில் வைக்க முடியாது. குடிக்க, சமைக்க அந்தத் தெருக்குழாய்தான். திங்கள், புதன், சனி காலையில் முக்கால் மணி நேரம் வேகமாக வரும். அதை யாரோ எடுத்துவிட்டார்கள். இப்போது மெயின் ரோட்டைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே இருப்பவர்கள் தங்கள் குடங்கள் நிறைந்த பிறகுதான் இவர்களை விடுகிறார்கள். கூடத்துக்கு ஏழு மணிக்குப் போயாக வேண்டும். இரண்டு தடவை தாமதமாகிவிட்டது.

"இன்னொரு வாட்டி லேட்டா வந்தா வேற ஆளப் போட்டுக்கறேன்னு மேஸ்திரி சொல்லிட்டாருண்ணா. நீங்க போன்ல எழுதினா ஒடனே நடக்குதாமே. எங்களுக்கு ஒன்னு எழுதிக் குடுங்க."

சொல்லியிருக்கலாம். நான்தான் எழுதினேன் என்கிற இரண்டு வார்த்தைதான். வாயில் வரவில்லை. "எழுதிடலாம்மா, உக்காருங்க" என்றேன். அவர் உட்காரவில்லை. அவர் பெயரில், அவர் எண்ணிலேயே பதிந்தேன். குழாய் அகற்றப்பட்டதால் குடிநீர் இல்லை, மீண்டும் அமைத்துத் தர வேண்டும். நல்ல தமிழில், பிழையில்லாமல். வெட்கத்தை மறைக்க நல்ல தமிழ் உதவுகிறது என்பதை அன்று கண்டுகொண்டேன். முடிந்ததும் அவர் நன்றி சொன்னார். அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கே வந்துவிட்டார். வியாழக்கிழமையே செய்தி வந்ததாம், ஞாயிறு தவிர மற்ற நாளில் நான் கிடைக்க மாட்டேன் என்று காத்திருந்தாராம். போனை நீட்டிப் படிக்கச் சொன்னார். படித்தேன். 'பொதுமக்களின் கோரிக்கையின் பேரில் மேற்படி குழாய் அகற்றப்பட்டது. புகார் முடிக்கப்பட்டது.'

அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"யாருண்ணா அந்தப் பொதுமக்கள்?"

மேலே கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அது ஓயட்டும் என்று நின்றேன். ஓய்ந்தது. "நான்தாம்மா" என்றேன்.

"ஆங்?"

"குழாய எடுக்கச் சொல்லி எழுதினது நான்தான். யாரும் புடிக்கறதில்லன்னு நெனச்சிட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். என்ன எழுதினேன் என்று காட்டச் சொன்னார். காட்டினேன். எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தார். விரலால் பெரிதாக்கினார், சிறிதாக்கினார்.

"கொடம் எங்க?"

"எந்தக் கொடம்?"

"ஞாயித்துக்கெழம மத்தியானம் எடுத்ததுன்றீங்க. திங்க காலைல தண்ணி. கொடம் வரிசை நின்னுகினு இருந்திருக்குமே."

போனில் அசல் படத்தைத் தேடி எடுத்தேன். இருந்தது. நான் வெட்டித் தள்ளிய ஓரத்தில், சுவரை ஒட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பிளாஸ்டிக் குடங்கள். எங்கள் ஊரில் குடம் நின்றால் ஆள் நிற்கிற மாதிரி. வேலைக்குப் போகிறவர்கள் முந்தின நாள் மதியமே குடத்தை வைத்து இடம் பிடித்துவிட்டுப் போவார்கள். யாரும் வரிசையை மாற்ற மாட்டார்கள். இது எனக்குத் தெரியாததில்லை, நானும் இந்த ஊரில் வளர்ந்தவன்தான். தெரிந்தும் குப்பையோடு சேர்த்து வெட்டியிருக்கிறேன். ஏழு வீடு தண்ணீருக்குக் காத்து நிற்கிற படத்தை எடுத்து, அந்த ஏழு வீட்டையும் நீக்கிவிட்டு, யாருமில்லை என்று எழுதியிருக்கிறேன்.

அவர் ஒவ்வொரு குடமாகத் தொட்டு, இது யாருடையது, அது யாருடையது என்று சொல்லிக்கொண்டே வந்தார். நீலம் ஆட்டோக்காரர் வீடு. காது உடைந்தது, புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுடையது. "இந்தப் பச்ச என்னுது. காத்துல உருண்டா எடம் போயிடும்னு உள்ள கல்லு போட்டு வெப்பேன்" என்றார். பிறகு போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இதையே அனுப்புண்ணா. ஓரத்த வெட்டாம."

அவர் பேரில் போட்ட புகார் முடிந்துபோனது. செயலியில் தேடிப் பார்த்தேன். என்னுடைய பழைய புகாரின் கீழே 'மீண்டும் திறக்க' என்று ஒரு பொத்தான் இருந்தது. புகார் கொடுத்தவருக்கு மட்டும்தான் அது தெரியும். குழாயை எடுக்கச் சொன்ன முடிவை மாற்றுகிற வழி மூன்று வாரமாக என் சட்டைப் பையில்தான் இருந்திருக்கிறது. அழுத்தினேன். முழுப் படத்தையும் போட்டேன். 'நான் எழுதியது தவறு. ஏழு குடும்பங்கள் இந்தக் குழாயை நம்பி இருக்கின்றன. குடங்களைப் பார்க்கவும்' என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை ரயிலில் இருந்தபோது, குழாய் வேலை பார்க்கிற பிட்டர் போனில் கூப்பிட்டார். குழாய் வைத்துவிட்டதாகச் சொன்னார். "புதுத் திருகு போட்டிருக்கேன் சார். எடுக்க வந்த அன்னைக்கிப் பதினோரு மணிக்கு வந்தேன். தண்ணி புடிச்சிட்டு எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க போல, ஒரு கொடம் இல்ல, ஒரு ஆளு இல்ல. நீங்க எழுதினத நம்பிட்டேன்" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. நடந்ததைச் சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை, லீவு போட்டுவிட்டு ஆறு மணிக்குக் குழாயடிக்குப் போனேன். ஏழு குடமும் வரிசையில் இருந்தன. தண்ணீர் வேகமாக விழுந்து குடத்தின் அடியில் பேசிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காது உடைந்த குடத்துக்குச் சொந்தமான பெண், பக்கத்தில் இருந்தவரிடம் எனக்குக் கேட்கிற மாதிரியே கேட்டாள்: "அக்கா, இவருதான் அந்தப் பொதுமக்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெயர் இன்றுவரை எனக்கு இருக்கிறது. கடையில்கூட, பொதுமக்கள் வந்திருக்கிறார், தயிர் கொடு என்கிறார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மாளைப் பார்த்து, மணி ஏழாகப் போகிறதே, கூடத்துக்கு நேரமாகவில்லையா என்று கேட்டேன். பச்சைக் குடத்திலிருந்து கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, குடத்தைக் குழாய்க்குக் கீழே தள்ளினார்.

"அது போன சனிக்கெழமையே போச்சுண்ணா. ரோட்டத் தாண்டிப் போயி நின்னேன், ஏழரை ஆயிடுச்சு. வேற ஒரு பொண்ணப் போட்டுட்டாங்க."

அதனால்தான் அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கே என் வீட்டுக்கு வர முடிந்திருக்கிறது. கூட்டம் அலைமோதுகிற நாள், கூடத்தில் கை ஓயாத நேரம். நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவரும் அன்றைக்குச் சொல்லவில்லை. நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். பொத்தானை அழுத்திய ஞாயிறிலிருந்து ஐந்தாம் நாள் குழாய் வந்தது. அவர் முதலில் வந்து நின்ற சாயங்காலமே உண்மையைச் சொல்லி அழுத்தியிருந்தால், அந்த வெள்ளிக்கிழமையே வந்திருக்கும். வேலை போனது அதற்கு மறுநாள். படத்தை வெட்டியது கவனிக்காமல் செய்த தவறு. அந்த ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தது தெரிந்தே செய்தது. இரண்டில் எதை அவர் மன்னித்தார் என்று எனக்குத் தெரியாது. மன்னித்தாரா என்பதும் தெரியாது. குடம் நிறைந்தது, இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறார். முகூர்த்த நாட்களில்தான் வேலை. செயலியை அவர் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன். என்றைக்கு, எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று அதில் வரும் அறிவிப்பைப் பார்த்துக் குடவரிசைக்குச் சொல்லுகிறவர் அவர்தான். போன மாதம் தானாகவே ஒரு புகார் போட்டார், சாய்ந்து நின்ற மின்கம்பம் ஒன்றைப் பற்றி. அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். படத்தில் கம்பம் இருந்தது. கூடவே சாக்கடை, சுவர், ஒரு ஆடு, பாதி வானம், வாசலில் கோலம் போடுகிற யாரோ ஒருத்தி, அவருடைய கட்டைவிரலின் நுனி, எல்லாம் இருந்தன.

கம்பம் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டித் தரட்டுமா என்று என் வாய் வரை வந்தது. அப்படியே அனுப்பச் சொன்னேன். இன்றும் புகார் எழுதுகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆனால் படத்தின் ஓரத்துக்கு விரல் போகும்போதெல்லாம், அங்கே நிற்பது யாருக்காக இடம் பிடித்து நிற்கிறது என்று பார்க்கிற வரை, அந்த விரல் நகர்வதில்லை.