கடல் ஒன்றுதான், நாள் இரண்டு

இன்றைக்கும் யாராவது, "அமெரிக்காவா? ஏறின அன்றைக்கே இறங்கிவிடலாமே" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இறங்கலாம் ஐயா, நன்றாக இறங்கலாம். திரும்பி வந்து பார்த்தால் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அருள்புரத்தில் இருந்த எங்கள் பனியன் கம்பெனி அப்போதுதான் வெளிநாட்டு ஆர்டர் எடுக்க முனைந்திருந்தது. சாம்பிள்களைச் சூட்கேசில் அடுக்கிக்கொண்டு நியூயார்க் போனேன். பம்பாயில் விடியும் முன் ஏறி, அட்லாண்டிக்கைத் தாண்டி இறங்கினால் அங்கே அதே நாள் மத்தியானம். அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிடச் சுமார் பத்து மணி நேரம் பின்னால் ஓடுவதால் வந்த கூத்து அது. உட்கார்ந்து வந்த இடுப்புக்குத்தான் உண்மை தெரியும்.

திங்கட்கிழமை காலை ஓட்டலுக்குப் போன் வந்தது. பெரியப்பா பேசினார். அம்மா போய்விட்டாள்.

அப்பா முன்பே இல்லை. நான் ஒரே பிள்ளை. கொள்ளி நான்தான் வைக்க வேண்டும். அழக்கூட நேரமில்லாமல் கணக்குப் போட்டேன்.

"இன்னைக்கு ராத்திரியே ஏறிடறேனுங்க. புதன் காலைல ஊட்ல இருப்பேன். அதுவரைக்கும் ஐஸ் வாங்கி வெச்சுப் பாத்துக்குங்க பெரியப்பா."

"புதனா? போறப்ப அன்னைக்கே போய் எறங்கிட்டியே! நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வந்துருவே கண்ணு."

"இங்கிருந்து வர்றப்ப அந்தப் பத்து மணி நேரம் கூடிப்போகுமுங்க. பம்பாய்ல எறங்கி, கோயமுத்தூருக்கு வேற ஃபிளைட் மாறோணும்."

"கடல் ஒண்ணுதானேடா? போறப்ப ஒரு நீளம், வர்றப்ப ஒரு நீளமா?"

லைன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப முயன்றேன், கிடைக்கவே இல்லை.

சரக்கு வாங்க இருந்த பையரைப் பார்க்கவில்லை. சாம்பிள் சூட்கேசை ஓட்டலிலேயே விட்டுவிட்டு விமான நிலையத்துக்கு ஓடினேன். கீழே கடல் முடியவே மாட்டேன் என்றது. பக்கத்து சீட்டுக்காரன் குறட்டைவிட்டுத் தூங்கினான். அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது. என் ஆத்திரம் யார் மேல் என்று எனக்கே தெரியும். வாழ்நாளில் பம்பாயைக்கூடப் பார்க்காத மனிதர், எனக்கு விமானக் கணக்குச் சொல்கிறார்!

புதன்கிழமை காலை கோயமுத்தூரில் இறங்கி டாக்சி பிடித்தேன். எங்கள் வாசலில் பெரியப்பாவின் மகன் நின்றிருந்தான். தலையை மொட்டை அடித்திருந்தான். யாரும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பெரியப்பா உள்ளேயிருந்து வந்தார். "நேத்துப் பொழுது சாயற வரைக்கும் பாத்தோம் கண்ணு. சனம் பூரா ரோட்டையே பாத்துட்டு உக்காந்திருந்துது. நீதான் நேரத்துக்கு வந்து சேரல."

அப்போதும் வாயில் மரியாதை மட்டும் போகவில்லை.

"நான் சொன்ன நேரத்துக்குத்தான் வந்திருக்கேனுங்க பெரியப்பா. எங்கம்மா எங்கீங்க?"