முந்திக்குள் வைத்த டேக்

லோன் மாட்டு வில்லை

எங்கள் புடவைகளை விற்கும் மெட்ராஸ் கடையிலிருந்து அந்த அட்டைப்பெட்டி வந்தபோது, பொங்கலுக்கு ஏதோ ஸ்வீட் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து நான்தான் ஆசையாகப் பிரித்தேன். உள்ளே இருந்தவை வெள்ளை பிளாஸ்டிக் வில்லைகள். ஒவ்வொன்றும் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. ஒரு பக்கம் ஊசி.

எண்பதுகளின் கடைசி அது. ஆரணியில் ஒரு பட்டு ஜவுளி நிறுவனத்தில் நான் டெஸ்பாட்ச் கிளார்க். தறியிலிருந்து வரும் புடவைகளை மடித்து, கோணியில் பேல் கட்டி, லாரியில் அனுப்பும் பொறுப்பு என்னுடையது. மடிப்பதும் கட்டுவதும் பாக்கியம் என்ற பெண்மணி. முள்ளிப்பட்டிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருவார். நான் எழுபதுகளில் வேலைக்குச் சேர்ந்தேன், அவர் எனக்கு இரண்டு வருஷம் பின்னால்.

அந்த ரூமை இப்போது நினைத்தாலும் புதுப்பட்டு வாசனையும் கோணி வாசனையும் கலந்து மூக்கில் ஏறுகிறது. அதுவரை திருட்டுக்கு எதிராக எங்களிடம் இருந்ததெல்லாம் பாக்கியத்தின் கோணித் தையலும், அதன் முடிச்சில் நசுக்கிய ஈய சீலும்தான். வழியில் யாராவது பிரித்துத் திரும்பத் தைத்திருந்தால் எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். அவ்வளவு நெருக்கமாகத் தைப்பார். மெட்ராஸில் எங்கள் பேலைப் பிரித்து எண்ணக்கூட மாட்டார்கள், நேரே அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். எங்களுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

பெட்டியோடு வந்த கடிதத்தில் விவரம் இருந்தது. கடை முதலாளியின் மருமகன் சிங்கப்பூரில் பார்த்துவிட்டு வந்து, கடை வாசலில் ஒரு கேட் வைத்திருக்கிறார். இந்த டேக் உள்ள புடவை பில் போடாமல் வாசலைத் தாண்டினால் மணி அடிக்கும். டேக்கைக் கழற்றும் கருவி கடையில் மட்டும்தான் உண்டு. ஆரணியிலேயே குத்தி அனுப்பினால் லாரியிலும் எவனும் கைவைக்கத் துணிய மாட்டான்.

பாக்கியம் ஒன்றை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார்.

“இன்னாங்ணா இது, பேங்க் லோன் மாட்டுக்குக் காதுல குத்துவாங்களே, அது மாறி கீது?”

ரூம் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து கடைசிவரை எங்களுக்கு அது மாட்டு வில்லைதான்.

என் ஐடியா

பட்டில் ஊசி குத்த எனக்கு மனசே வரவில்லை. ஓட்டை விழும், இழை இழுத்துக்கொள்ளும். நெய்தவர் பார்த்தால் என்னைக் குத்துவார். இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். முந்தியின் கடைசியில் குஞ்சத்துக்கென்று நெய்யாமல் விடும் நூல்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றை முடிச்சுப் போட்டு முடிச்சில் குத்துவது. புடவைக்குச் சேதமே இல்லை.

டேக் வெளியே தொங்கினால் அசிங்கமாக இருந்தது. ஜரிகை காற்றுப்பட்டுக் கறுக்காமலிருக்க முந்தியை உள்பக்கமாக மடிப்பது எங்கள் வழக்கம். டேக்கையும் அதற்குள்ளேயே வைத்து மூன்று மடிப்பு மடித்துவிடச் சொன்னேன்.

பாக்கியம் கையை நிறுத்தினார். “வெளியவே கெடக்கட்டுமேங்ணா. மணி அடிக்கிற சாமான யாராச்சும் மூடி வெப்பாங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. பி.யூ.சி. படித்தவன் ஐடியாவில் குறை சொல்வதா!

“மிஷினுக்குக் கண்ணா இருக்குது? எங்க வெச்சாலும் அதுக்குத் தெரியும். சொன்னத செய்மா, ஜல்தி.”

அவர் சொன்னபடியே மடித்தார். மெட்ராஸில் நாலைந்து புடவைகளை வைத்துச் சோதித்து, மணி நன்றாக அடிக்கிறது என்று தகவல் அனுப்பினார்கள். எல்லாம் சின்ன பார்டர் புடவைகள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடிக்காத மணி

சித்திரை வாக்கில் கடை மேனேஜரிடமிருந்து போன் வந்தது. எங்கள் முதலாளி கேட்டுவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

“பதினோரு புடவை காணோம் சார். எல்லாமே கல்யாணப் புடவை, ஃபுல் ஜரி முந்தி. எங்க கேட் ஒரு வாட்டிகூட அடிக்கல. அப்போ சரக்கு எங்க கடைக்கே வரலன்னுதான அர்த்தம்? உங்க ஊர்லயே யாரோ கட்டாம வுட்டுகினு இருக்காங்க. வெல தெரிஞ்சி எடுக்கறாங்க சார்.”

பேல் கட்டுவது யார் என்று முதலாளிக்குத் தெரியும். பாக்கியத்தைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை; அன்றைக்கு அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

“நீ கொஞ்ச நாளைக்கி வராதம்மா. வெசாரிச்சிட்டு சொல்லியனுப்பறேன்.”

பாக்கியம் என்னைப் பார்த்தார். ஒவ்வொரு பேலும் என் கண்ணெதிரே கட்டியது. பதினோரு புடவையும் உள்ளே போனதை நானே பார்த்தவன். அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். சொன்னால் சந்தேகம் என் பக்கம் திரும்புமோ என்று பயந்து, சணல் உருண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இடுப்பிலிருந்த கோணி ஊசியை எடுத்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

போனது ஒரு வேலை மட்டுமில்லை. அவர் வீட்டுக்காரர் முள்ளிப்பட்டில் கூலிக்கு நெய்பவர். பட்டையும் ஜரிகையையும் ஒரு வீட்டில் நம்பிக் கொடுப்பதே அந்த வீட்டுப் பெயரை வைத்துத்தான். பெண்டாட்டி திருடி என்று பேச்சு வந்தால் அந்தத் தறிக்கு நெய்ய யாரும் பாவு நூல் தரமாட்டார்கள். பத்து நாளில் அது நடந்தும்விட்டது. தறி காலியாகக் கிடக்கிறது என்று பஸ் கண்டக்டர் என்னிடம் சொன்னார்.

டீக்கடை வரை

அடுத்த வாரம் கணக்குச் சரிபார்க்க முதலாளி என்னை மெட்ராஸுக்கு அனுப்பினார். முந்தி ஓரத்தில் இழை விட்டதென்று திரும்பி வந்த ஒரு கல்யாணப் புடவையைச் சரிசெய்து, டேக் குத்தி, என் முறைப்படியே மடித்து, மஞ்சள் பையில் போட்டு எடுத்துப்போனேன்.

மேனேஜர் அரை மணி நேரம் என்னைக் காய்ச்சி எடுத்தார். தலை வலித்தது. டீ குடிக்க வெளியே வந்தேன். கிளாஸைக் கையில் வாங்கிய பிறகுதான் உறைத்தது. மஞ்சள் பை தோளில் தொங்குகிறது. அதற்குள் புடவை, புடவைக்குள் டேக். அந்தக் கேட்டுக்கு நடுவேதான் வந்திருக்கிறேன். மணி அடிக்கவில்லை.

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். உள்ளே போனேன், வெளியே வந்தேன், மறுபடி உள்ளே போனேன்.

“இன்னா சார், வாசல்ல நடை பழகறீங்களா?” என்றார் மேனேஜர்.

சின்ன பார்டர் புடவை ஒன்றை வாங்கிக்கொண்டு தாண்டினேன். கடையே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. கல்யாணப் புடவையைப் பிரித்து, டேக்கை வெளியே தொங்கவிட்டுத் தாண்டினேன். அதற்கும் அலறியது. முந்திக்குள் வைத்து மடித்தேன். சத்தமே இல்லை. மேனேஜரின் முகம் வெளுத்துவிட்டது.

பிறகு கேட் மாட்டிய ஆள் வந்து விளக்கினார். ஜரிகை என்பது வெள்ளி; சின்ன பார்டர் புடவையின் முந்தியில் அது குறைவு. கேட் அனுப்பும் சிக்னல் அந்த வெள்ளி மடிப்பைத் தாண்டி டேக்குக்குப் போய்ச் சேரவில்லை. திருட்டு நடந்தது கடைக்குள்தான். யார் என்று அவர்கள் கண்டுபிடித்தார்களோ இல்லையோ, எங்களிடம் சொல்லவில்லை. வழியைத் திறந்துவிட்டது என் ஐடியா.

முள்ளிப்பட்டு

முதலாளி உடனே பாக்கியத்தைக் கூட்டிவரச் சொன்னார். நானே போனேன். வீட்டுக்குள் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“செரிங்ணா. மிஷினுக்கு ஜரி மறச்சிது. உங்களுக்கு இன்னா மறச்சிது?”

மெட்ராஸ் மேனேஜர் கத்தியபோது வராத வெட்கம் அப்போது வந்தது.

“இத எங்கிட்ட வந்து மெதுவா சொல்றீங்க. என் பேரு கெட்டது தெருவுல. அங்க வந்து சொல்லுங்க.”

தெருவில் இறங்கி நின்றேன். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். “பாக்கியம் எதையும் எடுக்கல. தப்பு என்னுது!” என்று கத்தினேன். முதலில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். பக்கத்துத் தறி நின்றது. எதிர் வீட்டுத் தறி நின்றது. ஒவ்வொன்றாகத் தெரு முழுக்க நின்று போனது. முழுசாக நின்ற பிறகு மூன்றாவது முறை சொன்னேன்.

அந்த வாரமே தறிக்குப் பாவு வந்தது. திங்கட்கிழமை பாக்கியம் வந்து, என் டிராயரைத் திறந்து, நான் எடுத்து வைத்திருந்த கோணி ஊசியை எடுத்துக்கொண்டார். டேக் அதன்பிறகு வெளியேதான் தொங்கியது.

இப்போது டெஸ்பாட்ச் வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் அரிசியளவு டேக் எல்லாம் இருக்கிறதாம், சந்தோஷம். சரக்குக் குறைந்தால் மிஷினை அப்புறம் பாருங்கள். ஆளின் மேல் பழி விழும்போது உங்கள் கண் பார்த்தது என்னவோ, அதை அந்த நிமிஷமே வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் பதினாறு நாள் தாமதமாகச் சொன்னவன்.