குங்குமம் வைத்த சி.டி.

ஆயுத பூஜை அன்று என் வீட்டுக்காரர் கையில் சந்தனக் கிண்ணம் கிடைத்துவிட்டால் அவரை நிறுத்த முடியாது. கல்பாக்கத்தில் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸுக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்து, வீட்டில் ஸ்பேனர், சுத்தி, என் தையல் மெஷின், அரிவாள்மணை, சைக்கிள் பம்பு என்று ஒன்றையும் விடமாட்டார். அன்று படைத்த சாமானை மறுநாள் விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டிய பிறகுதான் எடுக்கலாம். அதுவரை யாரும் தொடக்கூடாது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம். என் மகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் டைப் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கேளம்பாக்கம் பக்கம் ஒரு சின்ன ஆபீஸில், லாட்ஜுக்கு ரூம் போடுகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டு வந்து ஓட்டிக் காட்டு, அப்புறம் வேலையைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருந்தார்கள். விஜயதசமிக்கு மறுநாள் காலை போக வேண்டும். அந்த வேலைமேல்தான் அவள் உயிரையே வைத்திருந்தாள். பேப்பரில் எல்லாம் எழுதி வைத்துவிட்டாள். கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் பாக்கி.

அதற்கு எடிட்டர் என்று ஒன்று வேண்டுமாம். கணக்கு எழுத சிலேட்டு மாதிரி, புரோகிராம் எழுத அது என்று நான் புரிந்துகொண்டேன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மருமகள், பண்டிகைக்கு வரும்போது அதை ஒரு சி.டி.யில் கொண்டுவந்தாள்.

"இதுல பாதி வார்த்த அடிச்சா போதும், மீதிய அதுவே போட்டுக்கும். கலர் கலரா வேற காட்டும்" என்றாள்.

"உங்க ஆபீஸ் மெஷினுக்கு சரி அண்ணி. நம்ம வூட்டு மெஷின் இத்த தொறக்கறதுக்குள்ள நான் சோறு வடிச்சி எறக்கிடுவேன்."

"நீயி? சோறு வடிச்சி? அது தொறந்தாலும் தொறந்துடும்டி."

அப்படியே பேசிச் சிரித்து, கடைசியில் அதைத்தான் போடுவது என்று முடிவாயிற்று. சுண்டல் தாளிக்க இருவரும் என்னோடு சமையல்கட்டுக்குள் வந்தார்கள். வீட்டுக்காரர் வாசற்படியில் வந்து நின்றார்.

"ஏம்மா, உன் ஆயுதம் எது? டிவி மாதிரி கீதே அதுவா, கீழ கீற பொட்டியா?"

"எடிட்டரு நைனா."

"அது எங்க கீது?"

"மேச மேல ஒரு சி.டி. கீது பாருங்க மாமா, அதுக்குள்ள" என்றாள் மருமகள், கடுகைப் பார்த்தபடியே.

நாங்கள் சுண்டலோடு வந்தபோது, சி.டி. வாழையிலை நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. பளபளக்கிற பக்கத்தில் மூன்று இடத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"ஐயோ மாமா! அந்தப் பக்கத்ததான் மெஷின் படிக்கும்!"

"இன்னொரு பக்கம் பேரு எழுதிக்கீது. அதுல வச்சா பேரு மறைஞ்சிடாதா?"

துடைக்கலாம் என்றால் படைத்தாயிற்று. மகள் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். நான் கூடாது என்று தலையை ஆட்டிவிட்டேன். இரவெல்லாம் சந்தனம் காய்ந்தது.

மறுநாள் கற்பூரம் காட்டியதும் மருமகள் ஈரத்துணியால் துடைத்தாள். சந்தனம் பொருக்காக வந்தது, கூடவே கீறலும் விழுந்தது. உள்ளே தள்ளினால் மெஷின் கர்ர் என்று சுற்றிவிட்டு வெளியே துப்பிவிட்டது. அவள் ஆபீஸ் பூட்டியிருந்ததால் வேறு சி.டி.க்கும் வழியில்லை.

"தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாதாம்மா?" என்றார் வீட்டுக்காரர் மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை.

மகள் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எழுதின புரோகிராமை ஓட்டுகிற ஜாவாவை அவள் முன்பே ஏற்றி வைத்திருந்தாள். அது எந்த இடத்தில் இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்லி வைக்க வேண்டுமாம். அதைச் சொல்லிப் புரியவைக்கவே நேரம் பிடித்தது. பிறகு கம்ப்யூட்டரோடு வந்த நோட்பேடிலேயே அடிக்க ஆரம்பித்தாள். ஓட்டிப் பார்த்தால் கறுப்புத் திரையில், இத்தனையாவது வரியில் தப்பு என்று வந்தது. நோட்பேடிலோ வரிக்கு நம்பர் கிடையாது.

"அம்மா, மேலேர்ந்து எண்ணிகினே வாயேன்."

நான் ஐந்தாவது வரை படித்தவள். எண்ணத் தெரியும். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணினேன். அவள் பக்கத்தைக் கீழே இறக்கும்போதெல்லாம் விட்ட இடம் தொலைந்துபோகும். மறுபடி மேலேயிருந்து எண்ணுவேன்.

"எங்க அத்ததான்டி உன் எடிட்டரு" என்றாள் மருமகள். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அடுத்த தப்பு வந்ததும் திரும்பக் கூப்பிட்டார்கள்.

"இது வேலைக்காவாது" என்று மருமகள் டி.வி.எஸ். ஐம்பதை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் போனாள். வெள்ளைக்காரர்கள் மெயில் பார்க்க வருவதால் அங்கே பிரௌசிங் சென்டரைப் பண்டிகைக்கும் மூடமாட்டார்கள். ஒரு ஃபிளாப்பியில் சின்னதாக வேறொரு எடிட்டர் கொண்டுவந்தாள். நான் வாங்கக் கை நீட்டினேன்.

"இந்தாங்க அத்த. மாமா கண்ணுல மட்டும் காட்டாதீங்க."

அது தட்டினதும் திறந்தது. கலர் கிடையாது. பாதி வார்த்தையை முழுசாக்கவும் தெரியாது. இடது பக்கம் வரி நம்பர் மட்டும் வரிசையாக நின்றது. "இது போதும் அண்ணி" என்றாள் மகள். என் விரலுக்கும் ஓய்வு கிடைத்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு, அந்த லாட்ஜில் ரூம் நிறைந்தால் "ரூம் இல்லை" என்று கம்ப்யூட்டரே சொல்ல ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் அவள் போய்விட்டு வரும்வரை எனக்கு ஊசியில் நூல் கோர்க்கவே வரவில்லை. சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே சொன்னாள். புரோகிராம் ஓடியதாம். ஆனால் அவர்கள் அத்தோடு விடவில்லை. சனி ஞாயிறுக்கு வேறு வாடகை வர வேண்டும், இங்கேயே உட்கார்ந்து மாற்று என்றார்களாம். அங்கே இருந்த எடிட்டரை இவள் கண்ணால் கண்டதே இல்லையாம்.

"பயந்துட்டியா?" என்றாள் மருமகள்.

"மொதல்ல பயந்தேன் அண்ணி. அப்புறம் பாத்தா, நேத்து ஒவ்வொரு எழுத்தும் நானே அடிச்சதுதானே? கை அதும்பாட்டுக்குப் போச்சு. ஒரு தப்பு வந்துச்சு. வரிய பாத்துத் திருத்திட்டேன். ஒண்ணாந்தேதிலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க."

வீட்டுக்காரர் அவள் தலையில் கை வைத்தார்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அந்தச் சின்ன எடிட்டரை அங்கேயும் ஏற்றிக்கொண்டாளாம். "இன்னாடி இது, வெறும் பேப்பர் மாதிரி கீது?" என்று பக்கத்து சீட்டுப் பெண் கேட்டாளாம். "நான் எழுதறதுக்குத்தான்டி பேப்பரு" என்று இவள் சொல்லிவிட்டு அடிக்கத் தொடங்கினாளாம்.