மைக்கில் வராத பேர்

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் மலையூரான பிரிஞ்சாங்கிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிராணியாக இருந்தேன். கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதுவது என் வேலை. குரல் கணீரென்று இருந்ததால் மாரியம்மன் திருவிழாவில் மைக்கும் என் கைக்கு வந்துவிடும். அதில் எனக்கு இருந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் தோட்டத்தில் 'மைக்குல பேரு வந்துச்சு' என்றால் அது பெரிய மரியாதை. பந்தல் போட்டவர், விறகு சுமந்தவர் என்று உழைத்தவர்களை ஒலிபெருக்கியில் பேர் சொல்லி நன்றி சொல்வோம். வீட்டில் யாராவது ஒரு குடம் தண்ணீர் தூக்கி வைத்தால்கூட, "ஒன் பேரு மைக்குல வரும் லா" என்று கேலி செய்வார்கள். ஆனால் பெண்கள் பேர் மட்டும் வராது. அவர்கள் செய்ததற்கும் வீட்டுக்காரர் பேர்தான் வரும்.

அன்னதானச் சமையல் வருடா வருடம், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணியின் மனைவி பொறுப்பு. மலைக்குளிரில் விடியுமுன்னே அடுப்பு மூட்டித் தோட்டத்துக்கே பொங்கிப் போடுவார். எல்லோருக்கும் அவர் 'கங்காணியம்மா'தான். ஒரு வருடம், திருவிழாவுக்கு முந்தின நாள், கூடையை நிறுவைக்கு வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தம்பி, நாளைக்கு என் பேர மைக்குல சொல்றீங்களா? எங்கம்மா வச்ச பேரு. கல்யாணமாகி இங்க வந்ததுலேர்ந்து அத ஒருத்தரும் கூப்புட்டதில்ல."

"அதுக்கென்னக்கா, சொல்லிட்டா போச்சு" என்றேன். பேரைக் கேட்டு உள்ளங்கையில் எழுதியும் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் கங்காணி பட்டுத்துண்டோடு வந்து மைக் பக்கத்தில் நின்றார். சமையல் கொட்டகை வாசலில் அக்கா, கையில் கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெண்டாட்டி பேரை நான் ஊரறியச் சொன்னால் மனுஷன் என்ன நினைப்பாரோ என்று பயந்துவிட்டேன். "அன்னதானம், கங்காணியார் குடும்பத்தார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேருக்குத் தாவினேன். கங்காணி கும்பிட்டார். அக்கா முகத்தில் கோபம்கூட இல்லை. திரும்பிப் போய்ச் சோறு வடிக்க ஆரம்பித்தார்.

அடுத்த வருடம் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் கண்டு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடுத்த திருவிழாவில் நான் யாரையும் கேட்கவில்லை. மைக்கைப் பிடித்ததும் முதல் பேராக அவர் பேரைச் சொல்லி நன்றி சொன்னேன். கூட்டம் ஒன்றும் புரியாமல் நின்றது. தோட்டத்து லைன் வீடுகளில் அவருக்கு அடுத்த வீட்டிலேயே வருடக்கணக்காக இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்.

"அது யாருடி? நம்ம எஸ்டேட் ஆளா?"

"நம்ம கங்காணியம்மா" என்று நானே சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் அழுகைச் சத்தம் கேட்டது. கங்காணி தலையைக் குனிந்துகொண்டார்.

இன்றைக்கும் எந்த வீட்டில் சாப்பிட்டாலும் சமைத்தவரின் பேரைக் கேட்டு, அந்தப் பேரைச் சொல்லித்தான் நன்றி சொல்கிறேன். ஆனால் தன் பேரைக் கேட்க ஆசைப்பட்டுக் கொட்டகை வாசலில் நின்றவரை ஒரு நிமிடக் கோழைத்தனத்தால் வெறுங்காதோடு அனுப்பிவிட்டேனே என்பது மட்டும் ஆறவே இல்லை.