எழுந்து போகாதவர்

கோவில்பட்டித் தேவாலயத்தில் ஒலிபெருக்கி சரிசெய்யப் போன நாட்களில், மாலைதோறும் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். தீப்பெட்டி ஆலையிலிருந்து நேரே வருவார். விரல்களில் தீக்குச்சி மருந்தின் கறை இருக்கும். முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, அடிக்கடி சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்.

“அவசரமாப் போகணுமாக்கா?” என்றேன்.

“இல்ல தம்பி. மகன் செத்ததுல இருந்து செபத்துல மனசு நிக்க மாட்டேங்குது. ஆண்டவர் மேல அம்புட்டுக் கோவம்.”

“பெறவு ஏன் தெனமும் வாரீங்க?”

“புனித அவிலா தெரசம்மாளும் வருசக்கணக்கா, மணி எப்ப அடிக்கும்னுதான் செபத்துல இருந்தாவளாம். ஆனா விடலயே! செபம்னா சிநேகிதர்கிட்டப் பேசுத மாதிரின்னு அவிய சொல்லியிருக்காவ. அப்போ கோவத்தையும் அவருகிட்டதானே சொல்லணும்? ஒரு மணி நேரம் ஆகாம எந்திரிக்க மாட்டேன்.”

மறுபடி பீடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அத்தனை கோபத்தோடும் தினமும் தேடிப்போய் உட்கார எனக்கு ஒருவரும் இல்லையே என்று, வயர்களைச் சுருட்டியபடி நினைத்துக்கொண்டேன்.