மதியம் மட்டும் எரியும் சிவப்பு விளக்கு

உங்கள் பிள்ளை ஏறிப் போகும் பள்ளி வேன், காலையில் ஓடுவது போலத்தான் மதியமும் ஓடும் என்று எந்த நம்பிக்கையில் இருக்கிறீர்கள்? பள்ளி வேன் ஓட்டிய ஷர்மிளாவுக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது.

சென்னையை ஒட்டிய நூம்பலில் பிறந்தவள். அடுத்தவர் வயலில் நாற்று நட்ட அவள் அம்மா, வயல்கள் மனைகளான பிறகு அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்தவள் ஷர்மிளா. வண்டி ஓட்டுவதில் அவளுக்குப் பயமே இருந்ததில்லை. இந்தக் கோடையில்தான் வந்தது.

மதியம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வருவாள். சிக்னலில் நின்றதும், டேஷ்போர்டில் ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் விளக்கு சிவப்பாக மினுங்கும். நகர்ந்தால் அணையும். நின்றால் மறுபடி மினுங்கும். வெயிலிலும் அவள் முதுகு சில்லிடும். ஓடும்போதே இன்ஜின் இறுகி நின்றால்? ஸ்டியரிங் கல்லாகிவிடும். பின்னால் கன்டெய்னர் லாரிகள்.

வேன் முதலாளி வீரராகவனிடம் சொன்னாள். அவர் மறுநாள் காலையில் ஷெட்டுக்கு வந்து சாவியைத் திருப்பினார். விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது.

"எங்கமே எரியுது? காட்டு."

"இப்ப எரியாது சார். வண்டி சூடானாத்தான்..."

"வெளக்கு டைம் பாத்து எரியுமா? மத்தியானத்துல தூங்கிகினே ஓட்றியா?"

சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். கண்பட்டிருக்கும் என்று சொல்லி எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார் வீரராகவன்.

இதில் கண்ணும் இல்லை, மாயமும் இல்லை. குளிர்ந்த ஆயில் கெட்டியானது. தேய்ந்த இன்ஜினிலும் அழுத்தம் குறையாமல் நிற்கும். சூடேறச் சூடேற அது இளகும். மாதக்கணக்காக மாற்றாத ஆயில் என்றால் தேய்ந்த இடுக்குகள் வழியே தண்ணீராக வழிந்துவிடும். அப்புறம் இரும்பை இரும்பு உரசும். அந்தக் கோளாறைப் பார்க்க, சூடான வண்டியைப் பார்க்க வேண்டும். வெயிலில் வந்து நிற்க முதலாளிக்கு மனமில்லை. அவள் மறுபடி முறையிட்டபோது, விளக்கின் மேல் முருகன் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார்.

"இப்ப இன்னா தெரியுது? சாமிதான? ஓட்டு."

விளக்கு மறைந்ததும் பயம் பெருத்தது. எரிகிறதா, இல்லையா? ஒவ்வொரு சிக்னலிலும் அந்த ஸ்டிக்கரையே பார்த்தாள். ஒருநாள் வேலப்பன்சாவடியை நெருங்கும்போது பின்சீட்டிலிருந்து கவிப்பிரியா என்ற சிறுமி கேட்டாள்.

"டிரைவர் அக்கா, வண்டிக்கு உள்ள யாரு சுத்தியல்ல தட்றாங்க?"

ஷர்மிளா நகத்தால் ஸ்டிக்கரைக் கிழித்தாள். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு அணையாமல் எரிந்தது.

ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினாள். பிள்ளைகளை இடப்பக்கமாக இறக்கி டீக்கடை நிழலுக்குக் கூட்டிப்போனாள். அவசரத்தில் எண்ணிக்கை தப்பிப்போய், மறுபடி எண்ணினாள். போனில் வீரராகவன் கத்தினார்.

"ரோட்டுல எறக்கி உட்டுட்டியா? அறிவு கீதா உனக்கு? கொஞ்ச தூரந்தான, ஓட்டிகினு வா!"

"நீயே வந்து ஓட்டு சார். இப்ப சூடாத்தான் கீது. வந்து பாரு."

அவர் வேறு வேனை அனுப்பினார். அன்றோடு அவளுக்கு வேலை போயிற்று. இன்ஜினைப் பிரித்துப் பார்க்காமல் ஆயிலை மட்டும் மாற்றிய அதே வண்டி, வேறொரு டிரைவரோடு அதே சாலையில் ஓடுகிறது. அதற்குள் இருப்பவர்கள் அவள் இறக்கிவிட்ட அதே பிள்ளைகள்.

நாளை மதியம் வேன் உங்கள் தெருவில் நின்றதும், இன்ஜினை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பாருங்கள். டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு ஆயில் விளக்கு மினுங்கினால் எல்லாப் பிள்ளைகளையும் இறக்குங்கள். டிரைவரைத் திட்டாதீர்கள். முதலாளியைக் கூப்பிட்டு, வண்டி ஆறுவதற்குள் வரச் சொல்லுங்கள்.